விடிவெள்ளியார்

அரிசிப் பையின் ஒரு முனை தம் கையிலும் மறு முனை வாங்குபவர் கையிலும் இருக்க, முகம் மட்டும் அவ்விருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது திசையை நோக்கிப் புன்னகை பூத்துக்கொண்டிருக்கும் அந்த மகானுபாவரைப் பதுளை மாவட்டத்தில் அறியாதார் இலர். பசறையில் ஒருவர் இருக்கிறார். லுணுகலையில் ஒருவர் இருக்கிறார். பண்டாரவளையில் இருவர் இருப்பதாகவும் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றும் கேள்வி. எங்கள் பகுதிக்கு வாய்த்தவர், தமக்கு ‘மலையகத்தின் விடிவெள்ளி’ என்ற பட்டத்தைத் தாமே சூட்டி, முகநூலில் அந்நாமத்தால் ஒரு பக்கத்தை ஸ்தாபித்து, மாதந்தோறும் கப்பம் கட்டிப் பெயருக்கு அருகே நீல நிறச் சரி அடையாளமும் வாங்கி வைத்திருக்கிறபடியால், நானும் அவரை விடிவெள்ளியார் என்றே குறிப்பிடுகிறேன். சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்ற பயம் எனக்கில்லை; அதையும் எடுத்துப் பதிவிட்டுக்கொள்வார் என்ற பயந்தான்.

அவருடைய இதர பிரதாபங்களை விஸ்தரிக்க நான் உத்தேசிக்கவில்லை. ஜனாதிபதியின் கையால் தேசமான்ய, தேசபந்து விருதுகள் கிடைக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களின் நன்மைக்காகவே மண்டபம் பிடித்து, மாலையும் பொன்னாடையும் சான்றிதழும் உரிய கட்டணத்துக்கு வழங்கும் தர்மவான்கள் நாட்டில் நிறைந்திருக்கிறார்கள். அவர்கள் உபயத்தில் இவரும் ‘தேசகீர்த்தி’யாகி, ‘சாமஸ்ரீ’யாகி, கடைசியாகக் கலாநிதியும் ஆகிவிட்டார். 2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டம் வெயிலில் வெந்து பாதம் கொப்பளிக்க நடந்துவந்ததே, அந்த யாத்திரையில் இவர் மாத்தளை நகர எல்லையில், தூசு படாத வெள்ளைச் சப்பாத்துடன் கலந்துகொண்டார். அவர் முகநூல் பக்கத்தில் வந்த படத்தொகுதியின் தலைப்பு ‘தலைமன்னார் முதல் மாத்தளை வரை’ என்பது. இதெல்லாம் சர்வசாதாரணம். அவருடைய மேதைமை முழுவதும் பிரகாசிப்பது அந்த அரிசிப் பையில்தான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வீசி, எங்கள் மாவட்டத்து மலைச்சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்து, பாதைகள் அறுந்து, லயன்களை விட்டு ஜனங்கள் கையில் கிடைத்ததோடு வெளியேறிய துயரத்துக்குச் சில வாரங்களின் பின், நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றில் அவர் நடத்திய உலருணவுப் பொதி விநியோகத்தை நான் நேரில் தரிசிக்கும் பாக்கியம் பெற்றேன். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, சீனி, நெத்தலிக் கருவாடு, இவற்றோடு, வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்த கைகளுக்கு நூறு கிராம் தேயிலைத் தூளும் அப்பொதியில் இருந்தன. ஒவ்வொரு பொதியின் மேலும் கைகூப்பிய கோலத்தில் விடிவெள்ளியாரின் வண்ணப்படம் ஒட்டப்பட்டிருந்தது. அது மழையில் நனைந்தாலும் சாயம் போகாத ஒட்டுப்படம் என்பதை அவரே என்னிடம் பெருமையோடு தெரிவித்தார். வீடு போனவர்களுக்கு அந்த முகமாவது நிலைத்திருக்கட்டும் என்ற நல்லெண்ணமாக இருக்கலாம்.

பொதிகளை ஏற்றிய கெப் வண்டி காலை எட்டு மணிக்கே பிள்ளைமடுவத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஆயினும் விநியோகம் தொடங்கவில்லை. சூரியன் எந்த உயரத்தில் இருக்கும்போது கொடுப்பவரின் மூக்கு நிழல் அவர் உதட்டின்மேல் விழாது என்பதைக் கணித்துச் சொல்ல, கமெராத் தம்பி என்றொரு ஜோதிஷர் கூடவே வந்திருந்தார். அவர் சொன்ன சுபவேளை நெருங்குகையில் ஊவா மலைகளுக்கே உரிய மூடுபனி பள்ளத்திலிருந்து எழுந்துவந்து, பொதிகளையும் பயனாளிகளையும் விடிவெள்ளியையும் ஒருங்கே மறைத்துவிட்டது. பனி விலகும்வரை காத்திருக்கும்படி உத்தரவாயிற்று. 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை அன்றைக்கு விட்டுவிட்டு, தலையில் கொங்காணியைப் போர்த்திக்கொண்டு, அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள்.

பத்தரை மணிக்கு முதற்பொதிக்கு ஒரு பாட்டி அழைக்கப்பட்டார். கொடுப்பதை வாங்கிக்கொண்டு போவதுதான் உலக வழக்கு என்று நம்பி, அவர் பையைப் பற்றித் தம் பக்கம் இழுத்தார். விடிவெள்ளியார் விடவில்லை.

“பாட்டி, அவசரப்படாதீங்க. பைய விட்டுறாதீங்க, ஆனா இழுக்காதீங்க. அந்தத் தம்பியப் பாருங்க. கொஞ்சம் சிரிங்க.”

காம்பராவுக்குள் இடுப்பளவு சேறு புகுந்ததிலிருந்து சிரிப்பதற்கான காரணம் எதுவும் தமக்குத் தோன்றாமையால், பாட்டி தம்பியையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் பார்வை பையின்மேல் விழுந்துவிட்டது. ஆகவே அது தள்ளுபடி. இரண்டாவது முறை, பையின்மேல் இருந்த ஒட்டுப்படத்தைப் பாட்டியின் விரல்கள் மறைத்துவிட்டன; விரல்கள் எங்கே இருக்க வேண்டும் என்பது உபதேசிக்கப்பட்டது. மூன்றாவது முறை எல்லாம் பொருந்தி வந்த அத்தருணத்தில், பின்னால் ஓர் ஆடு குறுக்கே வந்து, விடிவெள்ளியாரைவிட நேராகக் கமெராவைப் பார்த்தது. நான்காவது முறைக்காகப் பை பாட்டியிடமிருந்து திரும்ப வாங்கப்பட்டபோது, அவர் பொறுமையிழந்து, “மாட்டுக்குப் புல்லறுக்கப் போகணும் சாமி, குடுக்கிறதுன்னா சட்டுனு குடுங்க, இல்லாட்டி ஆட்டுக்கே குடுத்துருங்க” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பாட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கணத்தைத்தான் தம்பி பிடித்தார். ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் கண்டபோது’ என்ற தலைப்புடன் அன்றிரவே அது வெளியாயிற்று.

இரவு ஏழரை மணிக்கு வெளியாயிற்று என்று திட்டமாகவே சொல்லலாம். ஏனெனில், லயத்தில் அடுப்பு வேலை ஓய்ந்து, கொழும்பில் கடைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கைத்தொலைபேசியைத் திறக்கும் வேளை அதுவென்றும், கட்டாரிலும் துபாயிலும் உள்ள நம்மவர்க்கு இரண்டாவது முறையாகப் பின்னிரவில் போடவேண்டுமென்றும் அவர் ஆராய்ந்து வைத்திருக்கிறார். கொடுக்கும் கை வாங்கும் கையைவிட நான்கு விரற்கடையாவது உயர்ந்திருக்க வேண்டும், காணொளியானால் பை கைமாறும் இடத்தில் வேகத்தைக் குறைத்துச் சினிமா இசையைக் கூட்ட வேண்டும் என்றெல்லாம் இந்தச் சாஸ்திரத்துக்குச் சூத்திரங்கள் உள. இத்தனையும் அவர் எனக்கு விளக்கியதற்குக் காரணம், தோட்டப் பாடசாலையில் அவருக்குத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான் என்பதும், அவர் பதிவுகளுக்கு ஒற்றுப்பிழை பார்க்கும் கைங்கரியம் அதனால் என் தலையில் விடிந்திருப்பதுமாகும். “சேர், இத ஒருக்காப் பாத்துத் தாங்க” என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒவ்வொரு வாசகமும், ‘விளம்பரத்தை என்றுமே விரும்பாத அடியேன்’ என்றே தொடங்கும். இவ்வாசகத்தில் ஒற்றுப்பிழை இல்லை.

அவர் ஒருநாள் தம்பேதன்னத் தோட்டத்துக்கு மேலே லிப்டன் சீட் என்னும் மலைமுகட்டுக்குப் போய், அங்கே வாங்கில் சிலையாக அமர்ந்திருக்கும் சர் தோமஸ் லிப்டனுக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து படம் எடுத்துவந்து, ‘லிப்டனும் நானும்’ என்று தலைப்பிட்டு அனுப்பியபோது, பொருத்தம் எவ்வளவு சரியானது என்பதை அவரே அறியவில்லை என்று எனக்குத் தோன்றிற்று. கிளாஸ்கோவில் ஒரு சிறு பலசரக்குக் கடையை 1871 இல் திறந்த அந்த மனிதர், கொழுத்த பன்றிகளைத் தம் கடை விளம்பரத்தோடு வீதிகளில் ஓட்டினார். 1881 ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்குப் பிரம்மாண்டமான பாலாடைக்கட்டி ஒன்றுக்குள் பொற்காசுகளைப் புதைத்துவைத்து விற்றார். 1890 இல் இலங்கைக்கு விஜயம் செய்து ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து தேநீர்க் கெண்டிக்கு நேரே வருகிற தேயிலை என்று உலகமெங்கும் முழக்கினார். கப்பலோட்டித் தொப்பி அணிந்த தம் முகத்தையே சரக்கின் முத்திரையாக்கினார். அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை தோற்றார். தோல்வியே வெற்றியைவிட நல்ல விளம்பரமாயிற்று. விக்டோரியா மகாராணியின் வைர விழாவின்போது, 1897 இல், லண்டன் ஏழைகளுக்கு அன்னமிட இளவரசியார் நிதி திரட்டியபோது, 25,000 பவுணைப் பெயர் வெளியிடாமல் கொடுத்தார். பெயர் பிறகு வெளிவந்துவிட்டது. அடுத்த வருஷம் ‘சர்’ பட்டம் வந்தது.

இந்தச் சரித்திரத்தை நான் சொல்லச் சொல்ல அதிசிரத்தையோடு கேட்டுக்கொண்டிருந்த விடிவெள்ளியார், முடிவில் ஒரேயொரு சந்தேகம் எழுப்பினார். “பேரு வெளிய வர எத்தன நாள் எடுத்துச்சு சேர்?”

லிப்டனிடம் விற்பதற்குத் தேயிலை இருந்தது. இவரிடம் விற்பதற்கு இவரைத் தவிர வேறு சரக்கில்லை. சந்தையும் இன்னும் கூடவில்லை. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டம்பரில் தேர்தல் நடந்ததோடு சரி. அச்சபையின் ஆயுள் 2019 இல் முடிந்தும் அடுத்த தேர்தல் வந்தபாடில்லை. வராத தேர்தலுக்காக ஒரு மனிதன் இத்தனை வருஷம் விடாமல் சிரித்துக்கொண்டிருப்பது எளிய காரியமன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வேறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்கால இரவொன்றில், மடுல்சீமைப் பக்கத்து மேட்டு லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, தோட்டத்து லொறியும் பழுதாகி, அம்புலன்ஸ் வரும் பாதையில் மரம் சாய்ந்து கிடந்த வேளை, செய்தி கேட்டு முதலில் வந்து சேர்ந்தவர் இவர்தான். கெப் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு, கம்பளியின் நான்கு முனைகளில் ஒன்றை இவர் தோளில் சுமந்து, வழுக்கும் படிக்கட்டில் அப்பெண்ணை இறக்கிக் கொண்டுவந்து, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குச் சேர்த்து, விடியும்வரை வராந்தாவில் ஈரத்துணியோடு நின்றார். தாயும் பிள்ளையும் சுகம். அன்றைக்கு அவருடைய கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லை. கமெராத் தம்பி கல்யாண வீடொன்றுக்குப் போயிருந்தார். அவர் வாழ்நாளில் செய்த ஆகச் சிறந்த காரியத்துக்கு ஒரு படங்கூட இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் கலங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் பொறுத்து, அதே படிக்கட்டில் அதே கம்பளியோடு அந்தக் காட்சியை மறுபடி நடத்தலாமா என்று அவர் தூது விட்டபோது, அப்பெண்ணின் புருஷன், “நடத்தலாம் அண்ணே, புள்ளயத் திரும்ப உள்ள வைக்கச் சொல்லுங்க” என்றானாம்.

ஆனால் அந்தப் பாட்டியின் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு நீடிக்கவில்லை. அவருடைய பேரன் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான். ஏழரை மணிப் பதிவைக் கடையில் கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு முன்பே பார்த்துவிட்டு, “உங்க பாட்டிதானே அரிசிக்கு நிக்கிறது” என்று கேட்டிருக்கிறார்கள். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளை அவன். லிப்டன் காலத்து விளம்பரங்களிலேயே கூடையும் கையுமாக நம் பெண்கள் படமாக நின்றார்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை, சம்மதமா என்று கேட்டதாகவும் தெரியவில்லை. 2014 அக்டோபர் 29 ஆந் திகதி மீரியபெத்தவில் மண் சரிந்து லயன்கள் புதையுண்டபோது, பிழைத்தவர்களின் அழுகை எத்தனை கமெராக்களில் பதிவாயிற்று என்பதற்குக் கணக்கில்லை. துரை போய், கம்பெனி வந்து, இப்போது நம் சொந்தப் பிள்ளையே கமெராவோடு வந்தும், அந்தப் பாட்டியை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லையே! அரிசி கொடுத்தால் முகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எந்த வர்த்தமானியில் இருக்கிறது?

இதை இவ்வளவு காரமாகவே அவரிடம் சொல்லி, அந்தப் படத்தை உடனே எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் நெடுநேரம் தலைகுனிந்து நின்றார். பழைய மாணவனாகையால், குற்றஞ் செய்தவன் வகுப்பில் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “நெசந்தான் சேர். எனக்குத் தோணல்ல” என்றார். பாட்டியிடம் நேரிலேயே போய்ப் பேசுவதாகவும் வாக்களித்தார். அவ்வாறே போய், அரைமணி நேரம் லயத்து வாசலில் உட்கார்ந்து சாயத்தண்ணீர் குடித்துவிட்டும் வந்தார்.

அன்றிரவு ஏழரைக்கு முன்பாக எனக்கு ஒரு வாட்ஸ்அப் வந்தது. இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. இடப்புறத்தில் பாட்டியின் முகம் பழையபடியே இருந்தது. வலப்புறத்தில் அதன்மேல் மஞ்சள் வட்டம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, ‘விளம்பரத்தை என்றுமே விரும்பாத அடியேன், ஒரு தாயின் மானத்தை காத்த தருணம்’ என்றிருந்தது. ‘மானத்தை’ என்பதற்குப் பின் ‘க்’ போடவேண்டுமா என்று கேட்டிருந்தார்.

போடவேண்டும், இடப்புறப் படத்தை எடுத்துவிட வேண்டும் என்று பதில் அனுப்பினேன். ‘க்’ போட்டிருந்தார்.