கிலோமீட்டருக்குப் பதினான்கு காசு

சிவப்பு விளக்கு விழுந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது என் அப்பாவின் வழக்கம். 1980களின் நடுவில் ஈசூனில் விளக்குகளே அதிகம் இல்லை. புளோக்குகள் எழும்பிக்கொண்டிருந்தன, சாலையில் பாதி மண் லாரிகள். இருந்த சில சந்திப்புகளிலும் அப்பா சாவியைத் திருப்பி நிறுத்துவார், பச்சை விழுந்தபிறகுதான் மறுபடி கிளப்புவார். அதற்குள் பின்னால் நிற்கும் லாரி ஹார்ன் அடித்துத் தீர்க்கும். “நாலு காசு மிச்சம் பிடிக்க நாப்பது பேருகிட்ட ஏச்சு வாங்கணுமா?” என்பார் அம்மா. அப்பா வாயைத் திறக்க மாட்டார். நாலு காசு மிச்சமானதை அம்மாவே ஒப்புக்கொண்டுவிட்டார் அல்லவா?

செம்பவாங் கப்பல் பட்டறையில் அவர் ஸ்டோர் கிளார்க். 1968க்கு முன்னால் அது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பட்டறை. தாத்தாவும் அங்கேதான் வேலை பார்த்தார். சோங் பாங் கிராமத்துப் பலகை வீட்டை விட்டு ஈசூன் அடுக்குமாடிக்கு வந்த சில மாதங்களில், கைமாறி வந்த ஒரு டாட்சன் 120ஒய் எங்கள் வீட்டுக்குள் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தது. ஸ்டோர் கிளார்க் கையில் கார் கிடைத்தால் என்ன ஆகும்? டாஷ்போர்டுக்குள் ஒரு நீல நோட்டு வந்தது. தேதி, ஓடிய தூரம், ஊற்றிய லிட்டர், கொடுத்த காசு, கடைசிப் பத்தியில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். பன்னிரண்டு வந்தால் அன்றைக்கு வீட்டில் கோப்பிக்குச் சர்க்கரை கூடும். பத்துக்குக் கீழே போனால் விசாரணை. யார் டிக்கியில் என்ன வைத்தீர்கள்? டயரில் காற்று பார்த்தது யார்?

மண்டாய் சாலைச் சரிவில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுவார். ஆக்ஸிலேட்டரைத் தொடும் பாதம், கோயில் படியை மிதிப்பதுபோல அவ்வளவு பயபக்தியாக இருக்கும்.

சனிக்கிழமை என்றால் ஜோகூர் பாரு. சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய ரிங்கிட்டும் ஒன்றுக்கு ஒன்றாக மாறிய காலம் 1973இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வெள்ளி ஏற ஏற, கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் மலிவு. காய்கறி, தோசை, முடிவெட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பெட்ரோல். போகும்போது டாங்கி காலியாக இருக்க வேண்டும், வரும்போது வழிய வேண்டும். பம்பு ‘டக்’ என்று நின்றதும் அப்பா எங்களைப் பார்ப்பார். நானும் தம்பியும் இறங்கி, ஆளுக்கு ஒரு பக்கம் நின்று காரை ஆட்டுவோம். டாங்கிக்குள் சிக்கிய காற்று வெளியே வந்தால் இன்னும் அரை லிட்டர் இறங்கும் என்பது அப்பாவின் பௌதிகம். பக்கத்துக் காரையும் யாராவது இரண்டு பிள்ளைகள் ஆட்டிக்கொண்டிருப்பார்கள் என்பதால் எங்களுக்கு வெட்கம் இல்லை.

அரசாங்கம் எவ்வளவு காலம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்? 1989இல் அரை டாங்கி சட்டம் வந்தது: குறைந்தது பாதி டாங்கி பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் எல்லையைத் தாண்டக்கூடாது. 1991இல் அது முக்கால் ஆனது. சோதனைச் சாவடியில் அதிகாரி குனிந்து முள்ளைப் பார்ப்பார். மீட்டரையே ஏமாற்ற வழி கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தனி வழக்கு. அப்பாவோ சட்டத்துக்கு அடங்கியவர். மிச்சக் கால் டாங்கியை நிரப்பவே போய்வந்தார். போகவர எரிந்த பெட்ரோலைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று தம்பி ஒருநாள் கேட்டான். அந்தக் கணக்குக்கு நீல நோட்டில் பத்தி கிடையாது.

2015இல் நான் ஹைப்ரிட் வாங்கினேன். ஒன்றரை லிட்டர் எஞ்சின் உள்ள ஜப்பானியக் கார். பெயர் இங்கே வேண்டாம், அதைப் பற்றி இனிமேல் கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன். இந்த வகைக் கார் ஒன்றும் புதுசு இல்லை. டொயோட்டா தன் பிரியஸை 1997 டிசம்பரிலேயே ஜப்பானில் விற்கத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரிலும் 2001இலேயே இவற்றுக்குப் பசுமை வாகனத் தள்ளுபடி வந்துவிட்டது. ஆனாலும் ரொம்ப நாள் வரைக்கும் தெருவில் ஒன்று போனால் திரும்பிப் பார்க்க வேண்டிய அரிய பொருளாகத்தான் அது இருந்தது.

வாங்கியதும் முதலில் ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் ஹோலி ட்ரீ பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு ஓட்டிப் போனோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, அர்ச்சகர் சொன்னார்: “ஸ்டார்ட் பண்ணுங்கோ.”

“பண்ணியாச்சு, சாமி.”

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். “பண்ணுங்கோ” என்றார் மறுபடி. பேட்டரி நிறைந்திருந்ததால் எஞ்சினுக்கு எழுந்திருக்க அவசியம் ஏற்படவில்லை என்பதை முருகன் சன்னிதியில் எப்படி விளக்குவது? பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். சத்தமில்லாமல் கார் நகர்ந்தது. எலுமிச்சைதான் சத்தம் போட்டது.

அம்மா பின்சீட்டில் ஏறிய முதல் நாள், ஈசூன் அவென்யூ 2இல் முதல் விளக்கு. கார் நின்றது, எஞ்சின் அடங்கியது.

“நின்னுடுச்சாப்பா?”

“இல்லம்மா, அதுவா அணைச்சுக்குது. அப்பா கையால செஞ்சத இது தானாச் செய்யுது.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அவரு செஞ்சப்போ நான் ஏசினேன். இதுக்கு நீ எவ்வளவு கொடுத்தே?”

சொன்னேன். அடுத்த இரண்டு விளக்குகள் வரை அம்மா பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஹைப்ரிட் கார் என்பது என் அப்பாவை இயந்திரமாக்கி உள்ளே உட்கார வைத்ததுதான். விளக்கில் எஞ்சினை அணைக்கிறது. சரிவில் உருளும்போது சும்மா உருளாமல், சக்கரத்தின் சுழற்சியை மோட்டார் வழியாக மின்சாரமாக்கிப் பேட்டரியில் போட்டுக்கொள்கிறது. பிரேக் பிடித்தாலும் அப்படியே. சாதாரணக் காரில் அந்த ஆற்றல் பிரேக் கட்டையின் சூடாகக் காற்றில் போய்விடும். கிளம்பும் வேலை, அதாவது பெட்ரோல் எஞ்சின் அதிகம் தடுமாறும் வேலை, மோட்டாருக்கு. அதனால்தான் நெடுஞ்சாலையில் சீராகப் பறப்பதைவிட, நின்று நின்று போகும் ஊருக்குள்தான் இதன் மிச்சம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் தேக்காவிலிருந்து முஸ்தபா வரை ஊர்ந்து பாருங்கள். மற்ற கார்கள் நின்ற இடத்தில் குடித்துக்கொண்டிருக்க, இது தேமே என்று இருக்கும். நீல நோட்டின் வேலையையும் திரை பார்த்துக்கொள்கிறது, தசமப் புள்ளியோடு. மென்மையாக ஓட்டினால் பச்சை இலை கூட வரைந்து காட்டும். அப்பாவுக்கு யாரும் இலை வரைந்து காட்டியதில்லை.

விளம்பரத்தில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கிளம்பிய முதல் சில நிமிடங்கள், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் ஓடும். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி சூடாக வேண்டும். அதனால் புளோக்கிலிருந்து சோங் பாங் சந்தைக்குப் போய்க் கீரை வாங்கி வரும் பயணத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றுதான் வரும். அப்பாவின் டாட்சன் கணக்கேதான். நீண்ட நேரம் ஓட்டினால்தான் இருபது. இந்தத் தீவில் நீண்ட நேரம் ஓட்ட எங்கே போவது? போதாததற்கு நம்ம ஊர் வெயில். விளக்கில் எஞ்சின் அணைந்திருந்தாலும் குளிர்சாதனம் பேட்டரியை உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தானாக எழுந்து, “சரி, நானே ஓடுகிறேன்” என்று உறுமும்.

2020இல் கொவிட் முறியடிப்புக் காலத்தில் கார் வாரக்கணக்கில் கீழே கிடந்தது. ஒருநாள் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. காரை விழிக்க வைக்கும் சின்னப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி செத்துப்போயிருந்தது. தொழிற்பேட்டை மெக்கானிக் வந்து ஒயர் போட்டு எழுப்பினார். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பேட்டரிக் காற்றுத் துளையில் அம்மாவின் பூப்பை, அரிசி மூட்டை எதுவும் வைத்து அடைக்கக்கூடாது என்று எச்சரித்தவரும் அவர்தான். அந்த விசிறி வடிகட்டியில் அடைந்திருந்த தூசியை எடுத்துக் காட்டினார். ஒரு தலையணைக்கு ஆகும்.

இனிமேல்தான் நிஜமான கணக்கு.

இந்த ஊரில் கார் குடிப்பதற்கல்ல, இருப்பதற்குத்தான் காசு. 1975 ஜூனில் நகருக்குள் காலையில் நுழையத் தினம் 3 வெள்ளி என்று ஆரம்பித்தது. காரில் நாலு பேர் இருந்தால் இலவசம் என்பதால், ஷென்டன் வேயில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா பஸ் நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவாராம். 1990 மே மாதம் சிஓஇ வந்தது. பத்து ஆண்டு கார் வைத்திருக்கும் உரிமையை ஏலத்தில் எடுக்க வேண்டும். 2008 நவம்பரில் சின்னக் கார்களுக்கான சிஓஇ 2 வெள்ளிக்கு விழுந்தது. ஆம், இரண்டு வெள்ளி. கோப்பியும் ஒரு கறிபஃப்பும் வாங்கும் காசு. “இன்னும் இறங்கட்டும்” என்று என் மச்சான் காத்திருந்தார். 2023 அக்டோபரில் அதே பிரிவு 106,000 வெள்ளியைத் தொட்டது. மச்சான் இப்போதும் எம்ஆர்டியில்தான் வருகிறார்.

போன ஆண்டு என் காருக்குப் பத்து முடிந்தது. கொடுத்துவிட்டால் கொஞ்சம் பணம் திரும்ப வரும். வைத்துக்கொள்வதானால் கடந்த மூன்று மாத ஏல விலையின் சராசரியைக் கட்டி இன்னும் பத்து ஆண்டு, அல்லது பாதியைக் கட்டி ஐந்து ஆண்டு. ஐந்து எடுத்தால் அதற்குப் பிறகு நீட்டிப்பே கிடையாது. பாதி என்பது ஏறத்தாழ ஐம்பதாயிரம் வெள்ளி.

மச்சான் தாளை எடுத்தார். “மாமா, வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுறீங்க?”

“பத்தாயிரம் கிலோமீட்டர் இருக்கும்.”

“ஐந்து வருஷத்துக்கு ஐம்பதாயிரம். ஐம்பதாயிரம் வெள்ளி. சிஓஇ மட்டும் கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி. பெட்ரோல் லிட்டர் இரண்டு எண்பதுன்னு வச்சா, லிட்டருக்கு இருபது ஓடினா, கிலோமீட்டருக்குப் பதினான்கு காசு.” தாளைத் திருப்பினார். “சாதாரண கார்னா இருபத்து மூணு காசு. வித்தியாசம் ஒன்பது காசு. இந்த ஒன்பது காசுக்குத்தான் பத்து வருஷமா இலையைப் பார்த்து ஓட்டுறீங்க.”

புளோக்கின் கூரையுள்ள நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 வெள்ளி, ஆண்டுக்கு 1,320. பெட்ரோல் 1,400. காரை ஓட்டும் செலவும் அதைச் சும்மா நிறுத்திவைக்கும் செலவும் கிட்டத்தட்ட ஒன்று என்பதை அவர் கண்டுபிடித்தபோது, அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஹைப்ரிட்டால் நிஜமாகப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும். எதிர் புளோக்கில் இருக்கும் ஓர் அண்ணன் வேலை ஓய்வுக்குப் பிறகு தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார். நாளுக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர். அவருக்கு எட்டு லிட்டர் மிச்சம் என்றால் இருபது வெள்ளிக்கு மேல், அது இரண்டு நேரச் சாப்பாடு, பேரப்பிள்ளைக்கு மில்க் பவுடர். தீவின் சாலைகளில் ஹைப்ரிட் பெருகியது அவரைப் போன்றவர்களால்தான். என்னைப் போன்ற கீரைக்கட்டு ஓட்டுநர்களால் அல்ல.

என் மகள் பார்வையில் இது பழங்காலக் கார். 2024இல் இங்கே புதிதாகப் பதிவான கார்களில் மூன்றில் ஒன்று முழு மின்சாரம். 2030இலிருந்து பெட்ரோல் மட்டும் குடிக்கும் கார் புதிதாகப் பதிவே ஆகாது. ஹைப்ரிட்டுக்கு இடம் உண்டு என்றேன். “ஓ, சீனியர் சிட்டிசன் சலுகையா?” என்றாள்.

ஜோகூருக்கு இப்போதும் போகிறோம். முக்கால் டாங்கி சட்டத்துக்கு நான் பயப்படவே வேண்டாம். இந்தக் கார் முக்காலுக்குக் கீழே இறங்க எடுத்துக்கொள்ளும் நாட்களில் எனக்குப் போகும் ஆசையே போய்விடும். நாற்பது லிட்டர் டாங்கியில் அங்கே நிரப்ப இடம் அதிகபட்சம் பத்து லிட்டர். 2010இலிருந்து வெளிநாட்டுக் கார்களுக்கு மலிவான ரான் 95 கிடையாது, ரான் 97தான். நுழைய 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், வாகன நுழைவு அனுமதிக்கான வில்லை, பாலத்தில் ஒன்றரை மணி நேரம். அப்படியும் பம்பில் நம்ம ஊர் எண் தகடுகள்தான் வரிசையாக. போன மாதம் முன்னால் நின்ற ஜெர்மன் சொகுசுக் காரை இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காருக்கு அவர்கள் கட்டிய சிஓஇ என்னுடையதைவிடப் பெரிய பிரிவு.

மச்சான் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தேன். கணினியில் பணம் கட்டி முடித்தபோது மாலை மணி ஐந்து. மாமியாரைப் பார்க்கப் பிடோக் போகவேண்டும். எரிபொருள் அளவு கடைசிக் கோட்டில் இருந்தது.

“போற வழியில பெட்ரோல் போட்டுக்கலாம்” என்றாள் மனைவி.

“இன்னைக்கு வேண்டாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, இந்தக் கார்டுக்கு அஞ்சு விழுக்காடு கூடுதல் தள்ளுபடி. இன்னும் அறுபது கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது. ஏசியை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குவோம்.”