விதையில்லாத சாட்சி

எங்கள் ஓடைப்பட்டியில் திராட்சை திருடுவதற்கு ஒரு வசதி உண்டு. விதையில்லாத பழம். தின்று முடித்தால் தடயம் இருக்காது. கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை அப்படியில்லை. வாயில் போட்ட மறுநிமிடமே விதையை எங்கே துப்புவது என்ற கவலை வந்துவிடும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது அந்தப் பன்னீர்தான். சாட்சியோடு பிறந்த பழத்தைத்தான் சர்க்காருக்கும் பிடிக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணனுக்குப் பன்னிரண்டு. அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவள். வீட்டில் அண்ணனுக்குத்தான் புதுச்சட்டை; அவனுக்குச் சிறுத்தால் எனக்கு. முறைப்படி என்னிடம் வந்துசேர இன்னும் ஒரு வருடம் பாக்கியிருந்த வெள்ளைச் சட்டையை ஒரு சனிக்கிழமை நானே மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

பந்தலுக்கு அடியில் கல்தூணில் சாய்ந்தபடி இரண்டு குலையைக் காலி செய்தேன். முந்தின நாள்தான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து மருந்து அடித்திருந்தார்கள். தூணில் ஒட்டியிருந்த நீலம் அப்படியே என் முதுகுக்கு வந்துவிட்டது. முதுகில் கண் இல்லையே! வீட்டுக்கு வந்து சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

சாயங்காலம் தோட்டக்காரர் வந்தார். அப்பா கொடியைப் பார்த்தார்.

"இது யார் சட்டை?"

"பெரியவன் சட்டை," என்றாள் அம்மா.

வழக்கு முடிந்தது. புளியவிளாறு வந்தது. "நான் இல்லப்பா" என்று அண்ணன் கதறியபோது நான் ஏழாம் வாய்பாட்டை முன்னெப்போதும் இல்லாத சத்தத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி அம்மாச்சி கண்ணகி கதையை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் கண்ணகி பாடப்புத்தகத்து ஆள் இல்லை. கூடலூருக்கு மேலே மலையில் குடியிருப்பவள். வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறி, 14 நாள் கழித்து வானுலகம் போனவள். கதையில் கோவலன் கையில் சிலம்பு இருந்ததைப் பார்த்தார்கள்; அவன்தான் திருடன் என்று முடித்துவிட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சிலம்பு இருந்த இடத்தில் சட்டையைப் போட்டால் எங்கள் வீட்டுக் கதைதான். கண்ணகிக்காவது சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கப் பரல் இருப்பதைக் காட்ட முடிந்தது. அண்ணன் எதை உடைப்பான்? முத்தும் இல்லை, மாணிக்கமும் இல்லை, பழத்தில் விதைகூட இல்லை.

"ராசா தப்புன்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சாரு?" என்று அண்ணன் விசும்பிக்கொண்டே கேட்டான்.

"நான்தான் குத்தவாளின்னு சிம்மாசனத்திலேயே உசுர விட்டுட்டாரு."

அப்பா திண்ணையில் பலமாக இருமினார்.

இப்போது யோசித்தால் அந்தப் பாண்டியன் மேல் மரியாதை கூடுகிறது. பொற்கொல்லன் சொன்னான், நம்பினேன் என்று சொல்லியிருக்கலாம். வெட்டியது காவலாள் என்று தள்ளியிருக்கலாம். அந்தக் காலம் அப்படி என்று பேரப்பிள்ளைகள் சமாளிக்கட்டும் என விட்டிருக்கலாம். சரித்திரத்தில் பெரிய தப்பு செய்த முக்கால்வாசிப் பேர் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் தப்பித்திருக்கிறார்கள். நான் ஏழாம் வாய்பாடு சொன்னேன்.

அக்காவின் கேள்வி வேறு. "ராசா செஞ்ச தப்புக்கு மதுரைக்காரங்க வீட்ட எதுக்கு எரிக்கணும்?" அம்மாச்சியிடம் பதில் இல்லை. எங்களிடம் இருந்தது. அம்மாவின் நீதியும் அதுதான்: ஒருத்தன் டம்ளரை உடைத்தால் மூன்று முதுகிலும் விழும். கண்ணகியாவது முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி தீயிடம் சொன்னாள். அம்மா அம்மாச்சியை மட்டும்தான் விட்டாள்.

கதையை எழுதிய இளங்கோவும் ஒரு தம்பிதான். தம்பிக்குத்தான் அரசு என்று நிமித்திகன் சொல்ல, அண்ணன் செங்குட்டுவனின் முகம் வாட, இளங்கோ துறவியானார் என்பது கதை. அண்ணன் இமயத்துக் கல்லைக் கொண்டுவந்து கோயில் கட்டினார். தம்பி எழுத்தாணியை எடுத்தார். ஆட்சி மூத்தவனுக்கு, எழுத்து இளையவனுக்கு. ஆகவே இந்தக் கட்டுரையையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் கூடலூர் மலைமேல் உள்ள கண்ணகி கோயில் திறக்கும். தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். கோயில் யாருடையது என்று தமிழ்நாடும் கேரளமும் பங்காளிகள் மாதிரி இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன. ஒரு வருடம் அண்ணனும் நானும் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறினோம். மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்குத் திராட்சை திருடினது நான்தான்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "தெரியும்டா. அம்புட்டுச் சத்தமா யாரு வாய்பாடு படிப்பா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு விழும். எனக்கு விழுந்தது திரும்பவா போகுது? திராட்சை போகட்டும், அது என் நல்ல சட்டைடா."

நாற்பது வருடத்தில் அவன் மனதில் நின்றது அடி இல்லை, சட்டை. இறங்கியதும் கம்பத்தில் நல்ல வெள்ளைச் சட்டையாகப் பார்த்து அவனுக்கு எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தான். வயிற்றில் பொத்தான் எட்டவில்லை.

அதைத்தான் இப்போது நான் போட்டிருக்கிறேன்.