பித்தானின் பிடிவாதம்

காமிராவின் பித்தானை அழுத்துவது மட்டுமே மனிதனின் கடமை, ஏனைய காரியங்களைத் தம் காமிராக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று 1888-ல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் உலகத்துக்கு அபயம் அளித்தபோது, அந்தப் பித்தானுக்கும் ஒரு காலத்தில் சுயபுத்தி உண்டாகும் என்று அம்மகானுபாவர் எண்ணியிருக்க நியாயமில்லை. இக்காலத்து டிஜிட்டல் காமிராவோ, நாற்காலியையும் பூந்தொட்டியையும் சலிக்காமல் படம் பிடித்துத் தள்ளிவிட்டு, குழந்தை வாய்விட்டுச் சிரிக்கிற அந்த ஒரு க்ஷணத்தில் மாத்திரம் மௌன விரதம் பூண்டுவிடுகிறது.

அதன் பக்ஷத்திலும் நியாயம் உண்டு. பொருள் மிக அருகில் இருந்தாலும், வெளிச்சம் குன்றினாலும், எதிரே வெறும் வெள்ளைச் சுவர் நின்றாலும் லென்ஸுக்கு ஃபோகஸ் கிட்டாது. கிட்டாதவரை ஷட்டர் திறவாதபடியே பல காமிராக்களை அமைத்திருக்கிறார்கள். ஃபிளாஷ் மின்சக்தி சேர்த்துக்கொள்ளும்போதும், மெமரி கார்டின் விளிம்பிலுள்ள சிறு பூட்டு நகர்ந்துவிட்டபோதும் அதே சத்தியாக்கிரகந்தான். தவிரவும், 1975-ல் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய ஆதி டிஜிட்டல் காமிரா, ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காசெட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டதாகையால், தாமதம் அவ்வம்சத்தின் பூர்வீகச் சொத்து.

பித்தானைப் பாதி அழுத்தி, பச்சைக் குறி தோன்றியபின் முழுவதும் அழுத்துவதே சாஸ்திரோக்தமான முறை. ஆனால் யந்திரத்தின் சம்மதம் கிடைக்கும்வரை சிரிப்பை நிறுத்திவைக்கும் குழந்தையை எந்தக் கம்பெனியும் இதுவரை தயாரிக்கவில்லை. வாசகர்கள் பழுதுபார்க்கும் கடைக்கு ஓடுமுன் பாட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, அந்தச் சிறு பூட்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக. புத்தி கெட்டாலும் பணமாவது மிஞ்சும்.