பதினாறாவது சுற்று எப்போது?

கேள்வி: பூட்டானிலிருந்து வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் தங்கிய அகதிகளுக்காக நேபாளமும் பூட்டானும் பேசிப் பேசிக் கண்டது என்ன?

பதில்: 1993 முதல் 2003 வரை 15 சுற்றுப் பேச்சு. காத்மாண்டுவுக்கும் திம்புவுக்கும் அதிகாரிகள் போனார்கள், வந்தார்கள். அகதிகளில் ஒருவர்கூட ஊர் போய்ச் சேரவில்லை! நேபாளத்தின் குதுனாபாரி முகாமில் அகதிகளை விசாரித்த இருநாட்டுக் கூட்டுக்குழு, பெரும்பாலோரைத் 'தாமாக வெளியேறியவர்கள்' என்று எழுதிவைத்தது. ஆரஞ்சுத் தோப்பையும் ஏலக்காய்த் தோட்டத்தையும் விட்டு மூங்கில் குடிசைக்கு எவர் தாமாக வருவார்? நடுவில் இருக்கும் இந்தியா, அது அவர்கள் இருவர் விவகாரம் என்று ஒதுங்கியது பெரும் பிழை. கடைசியில் கதவைத் திறந்தவை, அந்தப் பேச்சில் உட்காராத நாடுகள்: 2007-க்குப் பின் அமெரிக்கா முதலான எட்டு நாடுகள் லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றன. இன்னும் சில ஆயிரம் பேர் முகாமில் இருக்கிறார்கள். அவர்களில் பூட்டானுக்கே திரும்பக் கேட்பவர்களுக்காக, டெல்லியையும் உட்காரவைத்துப் பதினாறாவது சுற்றைத் தொடங்குங்கள்.