பச்சை விளக்கு எதற்குச் சாட்சி?

கேள்வி: எங்கள் ஃப்யூம் ஹூட்டுக்குப் புதிய காற்றோட்ட மானிட்டர் மாட்டியாயிற்று. 0.5 என்று அழகாகக் காட்டுகிறது. கேலிபரேஷன் அவசியமா?
– ஆய்வக உதவியாளர்

பதில்: அவசியம். ஹூட்டின் பக்கச் சுவரில் உள்ள சிறு துளை வழியே அறைக்காற்று உள்ளே போகும்போது, சூடேற்றிய சென்சாரைக் கொஞ்சம் குளிர்விக்கும். மானிட்டருக்குத் தெரிந்த சேதி அந்தக் குளிர்ச்சி மட்டுமே. அது உங்கள் ஹூட் வாசலில் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்கும்வரை, அந்த 0.5 வெறும் அலங்காரம்.

கேள்வி: சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– அதே உதவியாளர்

பதில்: முன்கண்ணாடியை வேலை செய்யும் உயரத்தில், பெரும்பாலும் 45 செ.மீ., நிறுத்துங்கள். திறப்பை ஏறக்குறைய 30 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் அனிமோமீட்டரால் அளவெடுங்கள். கருவியை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு விலகி நில்லுங்கள். முன்னால் நின்றால் உங்கள் உடம்பு திருப்பிவிட்ட காற்றையே அளப்பீர்கள். சராசரியை மானிட்டரில் பதியுங்கள். பிறகு கண்ணாடியை இறக்குங்கள். விசிறியின் வேகம் மாறாத ஹூட்டில் திறப்பின் வேகம் கூடும். மறுபடி அளந்து அதை இரண்டாம் புள்ளியாகப் பதியுங்கள். கண்ணாடிக்கேற்பக் காற்றைத் தானே கூட்டிக் குறைக்கும் ஹூட் என்றால், அதன் கையேடு சொல்லும் முறைதான் வழி.

கேள்வி: 0.5 நல்லதென்றால் 1.0 இருமடங்கு நல்லதுதானே?
– முதுகலை வேதியியல் மாணவர்

பதில்: மருந்தை இருமடங்கு குடித்தால் நோய் பாதி நேரத்தில் போய்விடுமா? வழக்கமாக 0.4 முதல் 0.6 வரை போதும். வேகம் மிகுந்தால் உங்கள் மார்புக்கு முன்னால் காற்று சுழலும். உள்ளே போகவேண்டிய ஆவியை மூக்குக்கே கொண்டுவரும்.

கேள்வி: அலாரம் ஓயாமல் அலறுகிறது. நிரந்தரமாக நிறுத்திவிடலாமா?
– ஆராய்ச்சி மாணவி

பதில்: காரணத்தை நிறுத்துங்கள். கண்ணாடி அளவுக்கு மேல் உயர்ந்திருக்கிறதா? பின்பலகை இடுக்குகளை மறைத்துப் புட்டிகள் அடுக்கியிருக்கிறதா? விசிறியின் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? யாராவது கடந்து போகும்போது மட்டும் அலறினால், அதற்கும் காரணம் உண்டு: சாதாரண நடையின் வேகமே விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். சில விநாடி தாமதம் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். 0.5-இல் ஓடும் ஹூட்டுக்கு 0.4-இல் எச்சரிக்கை வைப்பது வழக்கம். வாசனையே இல்லாத நச்சுக்கு அந்த அலாரம்தான் மூக்கு, அதை அடைக்காதீர்கள்.

கேள்வி: பச்சை விளக்கு எரிந்தால் ஹூட் பாதுகாப்பானது என்று எழுதிக் கையெழுத்துப் போடலாமா?
– ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: பச்சை விளக்கு வேகத்துக்குச் சாட்சி. ஆவி வெளியே வரவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். அமெரிக்காவின் ஆஷ்ரே 110 சோதனையில் வேகம் அளப்பதோடு புகையும் விட்டுப் பார்ப்பார்கள். ஹூட்டுக்குள் நிமிடத்துக்கு 4 லிட்டர் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயுவைத் திறந்துவிட்டு, வெளியே நிற்கும் பொம்மையின் மூக்கருகே அது எட்டுகிறதா என்றும் அளப்பார்கள். உங்களிடம் புகைக் குழல் இருந்தாலே போதும், திறப்பின் ஓரங்களில் விட்டுப் பாருங்கள். புகை திரும்பி வந்தால், திரையில் என்ன எண் இருந்தாலும் ஹூட் தோற்றுவிட்டது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். விசிறி, குழாய், ஏசி எது மாறினாலும் மறுபடி செய்யுங்கள். உங்கள் பிள்ளையை அந்த ஹூட்டின் முன் நிறுத்தச் சம்மதம் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.