சேலத்துக்குப் போன தூத்துக்குடி

தூத்துக்குடி ஒரு முறை கிரிக்கெட்டில் சாம்பியன் ஆனது. ஊரில் பலருக்கு நினைவிருக்காது. ஊர் மேல் குற்றமில்லை. ஊரை யாரும் கூப்பிடவில்லை. 2016 செப்டம்பர் 18, சேப்பாக்கம் மைதானம், தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் இறுதிப் போட்டி. தூத்துக்குடியின் ஆல்பர்ட் டூட்டி பேட்ரியாட்ஸ் அணி சேப்பாக் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் துவைத்துக் காயப்போட்டது. மறு ஆண்டும் இறுதி வரை போய் அதே சேப்பாக்கிடம் தோற்றது. வாஷிங்டன் சுந்தர் அப்போது நம்மவர். நம்மவர் என்றால், சட்டையில் நம் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டு ஆடினார் என்ற அளவில்.

சாம்பியன் ஆன அந்த ஆண்டு போட்டிகள் சென்னையிலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும், திருநெல்வேலி சங்கர்நகரிலும் நடந்தன. தூத்துக்குடியில் ஒன்றுகூட இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இல்லை. நம் அணியை நேரில் பார்க்க தூத்துக்குடி மில்லர்புரத்துக்காரன் பாளை ரோட்டில் பஸ் பிடித்து வேற்றூருக்குப் போக வேண்டும். அங்கே போனால் எந்த அணி சொந்த அணி, எது விருந்தாளி அணி என்பது ஒலிபெருக்கி சொன்னால்தான் தெரியும். ‘ஹோம் டீம்’ என்று நம்மைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

பிறகு கொரோனா வந்தது. 2020 தொடர் நடக்கவில்லை. 2021-ல் எல்லாப் போட்டிகளும் சேப்பாக்கத்திலேயே, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் நடந்தன. அந்தக் காலி நாற்காலிகளுக்கு நடுவே தூத்துக்குடி சத்தமில்லாமல் மறைந்தது. டூட்டி பேட்ரியாட்ஸ் அதே தொடரில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகி வந்து நின்றது. இங்கே ஒரு டீக்கடை டிவியில் அட்டவணையைப் பார்த்த பையன் ஒருவன் கேட்டான்: “அண்ணாச்சி, நம்ம டீம் எங்க?”

“எந்த டீமுல?” என்றார் அண்ணாச்சி. “நமக்கு டீம் வேற இருந்துச்சா?”

அண்ணாச்சியைக் கோபித்து என்ன பயன்? ஊருக்குக் கொடுத்திருந்தால் அல்லவா ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போனது தெரியும்.

சேலத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் வாழப்பாடியில் மைதானம் கட்டி 2020 பிப்ரவரியில் முதலமைச்சரைக் கொண்டு திறந்து வைத்தார்கள். 2022-ல் அங்கே ஆட்டமும் வந்தது. மைதானம் கட்டியவன் வீட்டுக்கு விருந்தாளி வருவான். ஆனால் இடம் மாறியது நாம் மட்டுமா என்று பார்த்தால், இந்த லீக் ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கிறது. காஞ்சிபுரத்தின் பெயரில் இருந்த வாரியர்ஸ் திருச்சிக்குப் போனது. காலியான காஞ்சிக்குத் திருவள்ளூர் வீரன்ஸ் குடிவந்தது. காஞ்சியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு அதுவும் கிளம்ப, அந்த இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் முளைத்தது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. 2025-ல் பட்டமும் வென்றது. செட்டிநாட்டுக் காளை நூல் மில்லுக்கு வேலைக்குப் போன பிறகுதான் அதற்குப் பதக்கம் கிடைத்திருக்கிறது. 2016-ல் எட்டு ஊர்களின் பெயரில் தொடங்கிய லீக்கில், ஐந்தாவது தொடருக்குள் நான்கு ஊர்கள் காணாமல் போய்விட்டன. நான்கு மாவட்டங்களைப் பிரிக்க அரசாங்கத்துக்குக் கூட்டம், கருத்துக் கேட்பு, அரசிதழ் எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு புது லோகோ போதும்.

பேட்ரியாட்ஸ், ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயர்களாவது இந்த மண்ணில் விளைந்தவையா? நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணி. ஸ்பார்ட்டன்ஸ் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி. அந்தப் பல்கலைக்கழகம் ‘பிக் டென்’ என்ற கூட்டமைப்பைச் சேர்ந்தது. பெயரை வாங்கியவர்கள் கூடவே வியாதியையும் வாங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஏனென்றால் ஊர்மாற்று வித்தையின் பெரிய பல்கலைக்கழகமே அங்கேதான் நடக்கிறது.

பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்கள் 1915-ல் தொடங்கிய கூட்டமைப்பு, பின்னாளில் பேக்-12 என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேல் பக்கத்து ஊரோடு பக்கத்து ஊர் மோதியது. 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் பிக் டென்னுக்குப் போகிறோம் என்று அறிவித்தன. சில வாரங்களில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூவருடனும் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பேக்-12 சீட்டுக்கட்டாய்ச் சரிந்தது. மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், இரண்டே இரண்டு. பசிபிக் ஓரத்து ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ‘அட்லாண்டிக் கரை’ கூட்டமைப்பில் சேர்ந்தன. பிக் டென்னில் இப்போது பதினெட்டு அணிகள். பிக் 12 என்ற இன்னொன்றில் பதினாறு. எண்ணத் தெரியாதவர்களா? பல்கலைக்கழகங்கள், ஐயா. டிவி காசு கால்பந்துக்கு வருகிறது. வாலிபால் ஆடும் மாணவி மட்டும் அதற்காகக் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு விமானத்தில் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து பரீட்சை எழுதுகிறாள்.

இந்தியாவில் இந்த டிவி காசின் கணக்கு எளிது. ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 2022 ஜூன் ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஆட்டத்துக்கு ஏறக்குறைய 118 கோடி. பந்துக்கு 49 லட்சம். பேட்ஸ்மேன் தொடாமல் விடும் பந்துக்கும் அதே விலை. இந்த விலையில் மைதானத்துக்கு வரும் மனிதன் யார்? பின்னணியில் கை தட்டும் சாமான். 2021-ல் அவன் இல்லாமலே தமிழ்நாடு பிரீமியர் லீக்கை முடித்துப் பார்த்துவிட்டார்கள். ஒளிபரப்பில் ஒரு குறையும் இல்லை. ஆளே தேவையில்லை என்றால் ஊர் எதற்கு? ஊர்ப் பெயர் என்பது திரையின் மூலையில் ஸ்கோர் பக்கத்தில் வரும் மூன்றெழுத்து. அது எந்த மூன்றெழுத்தாக இருந்தால் என்ன?

ஆட்டக்காரர்களுக்காவது நிறையப் போகிறதே என்று சொல்வார்கள். 2025 தொடருக்கு ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 146 கோடி. பத்து அணிக்கு 1,460 கோடி. ஒளிபரப்பு உரிமையில் மட்டும் ஆண்டுக்கு 9,678 கோடி. ஏழில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். எங்கள் கடலில் வெள்ளைக்காரன் காலத்து முத்துச் சலாபத்தில் (முத்துக் குளிப்பில்), மூச்சை அடக்கிச் சிப்பிப் பாருக்கு இறங்கியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி கொடுத்தார்கள். மீதி இரண்டு பங்கு சர்க்கார் ஏலத்துக்கு. அதையே பகல் கொள்ளை என்று பேசிக்கொண்டிருக்கிறோம். காலனி ஆட்சிக்கு இருந்த தாராளம் இப்போது குறைந்துதான் இருக்கிறது.

இனி ஒரு குடைக் கதை சொல்கிறேன். தூத்துக்குடியில் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் தெரிந்த கதை. 1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். பத்து லட்சம் ரூபாய் மூலதனம், பங்கு ஒன்று 25 ரூபாய். கொழும்புக்குக் கப்பல் ஓடியது. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனிக்குப் பொறுக்கவில்லை. கட்டணத்தைக் குறைத்தான். மேலும் குறைத்தான். கடைசியில் காசே வேண்டாம் வாருங்கள் என்றான். ஏறுகிறவனுக்குக் கையில் ஒரு குடையும் கொடுத்தான். சுதேசிக் கம்பெனி முடிந்த பிறகு குடை வந்ததாகத் தகவல் இல்லை.

2023-ல் ஜியோசினிமா ஐபிஎல்லை இலவசமாகக் காட்டியது. 2024-லும் காட்டியது. மில்லர்புரத்தில் ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கக் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தது. நானும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. ஏலத்தில் டிவி உரிமையை எடுத்தது டிஸ்னி ஸ்டார். இணைய உரிமையை எடுத்தது வயாகாம்18. ஒருவரை ஒருவர் முந்த விலையை ஏற்றினார்கள், அதைச் சந்தையின் வெற்றி என்று பொருளாதார நிபுணர்கள் கொண்டாடினார்கள். 2024 நவம்பரில் இரண்டும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆயின. 2025 தொடர் வந்தபோது முதல் சில நிமிடங்கள் இலவசம்; பிறகு 149 ரூபாய் சந்தா கட்டு, இல்லையென்றால் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய். குடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஏலம் வரும்போது எதிரில் உட்கார்ந்து கை தூக்குவது யார் என்று அந்த நிபுணர்கள் சொன்னால் தேவலை.

ஜியோவை நடத்தும் அதே குழுமத்தின் இன்னொரு கைங்கரியம் கால்பந்தில். 2010-ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடிக்கு எழுதிக் கொடுத்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், வாணவேடிக்கை. ஏற்கெனவே இருந்த ஐ-லீக் மெல்ல மாடிப்படிக்குக் கீழே தள்ளப்பட்டது. 2018-19 ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி எஃப்சி. ஆடியது கோயம்புத்தூரில் (சென்னை என்று பெயர், ஊர் கோவை, இது தமிழ்நாட்டில் இப்போது ஒரு மரபு). பட்டம் கையில் வந்த அதே 2019-ல், நாட்டின் முதல் லீக் ஐஎஸ்எல்தான் என்று முடிவானது. தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்தவனிடம், அந்தப் பள்ளிக்கூடத்தையே ரத்து செய்துவிட்டோம் என்று சொல்வது இதுதான்.

சரி, அந்த ஐஎஸ்எல்லாவது வாழ்ந்ததா? பதினைந்து ஆண்டு முடியும் 2025-ல் தொடரை நிறுத்தி வைத்தார்கள். சென்னையின் எஃப்சி உட்படச் சில கழகங்கள் தற்காலிகமாகக் கடையைச் சாத்தின. அக்டோபரில் புது டெண்டர்: ஆண்டுக்குக் குறைந்தது 37.5 கோடி, அல்லது வருவாயில் ஐந்து சதவீதம். நவம்பரில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு மனுகூட இல்லை. இலங்கைப் பக்கம் 1906-ல் ஒரு லண்டன் கம்பெனி முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு சிப்பி இல்லை, சில ஆண்டுகளில் கம்பெனியும் இல்லை. பாரைச் சுரண்டியவன் அடுத்த குத்தகைக்கு வரமாட்டான் என்பது மன்னார் வளைகுடாவில் குழந்தைக்கும் தெரியும். சம்மேளனத்தில் அந்தக் குழந்தை இல்லை.

இதற்கு நடுவே தூத்துக்குடி மாவட்டம் விளையாடாமல் இல்லை. தருவை மைதானத்தில் காலையில் பையன்கள் ஓடுகிறார்கள். கடற்கரை ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிக் கால்பந்துப் போட்டி நடக்கிறது. தோற்ற ஊர் அடுத்த ஆண்டு வரை தலைகுனிந்து நடக்கும். அந்த அணியை எவனும் சேலத்துக்கு மாற்ற முடியாது, மாற்றினால் படகோடு வந்து கேட்பார்கள். கோவில்பட்டி ஹாக்கியைச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் இருந்தும், ஒளிபரப்பு வேனைப் பொறுத்தவரை எங்கள் மாவட்டம் துறைமுகமும் உப்பளமும் மட்டும்தான். வெள்ளம் வந்தாலோ துப்பாக்கிச் சூடு நடந்தாலோ தவறாமல் வருவார்கள்.

ஆகவே எனக்கு ஒரு கோரிக்கை. ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொள்கிறவன் அந்த ஊர் மாநகராட்சிக்கு வாடகை கட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் வாடகைக்கு வருகிறவன் பத்து மாத அட்வான்ஸ் கொடுக்கிறான், காலி செய்ய மூன்று மாதம் முன்னால் சொல்கிறான், சுவரில் அடித்த ஆணிக்குக்கூடப் பணம் பிடிக்கிறார்கள். ஒரு ஊரையே நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நாலஞ்சு வருஷம் விளம்பரம் வாங்கியவன் ஒரு தபால் அட்டை கூடப் போடாமல் போகலாமா? வருஷத்துக்கு இரண்டு ஆட்டமாவது அந்த ஊரில் ஆடு. ஆட மைதானம் இல்லையா? வாங்கிய விளம்பரக் காசில் ஒரு பங்கை அதற்குக் கொடு. முடியாதா? அப்படியென்றால் பெயரை எடு. ‘அணி அ’, ‘அணி ஆ’ என்று வைத்துக்கொள். ஒளிபரப்பு கெடாது, இப்போதே அப்படித்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு மனு எழுதிக் கிரிக்கெட் சங்கத்துக்கு அனுப்பலாம் என்று தெருவில் பேசினேன். “சங்கத்துக்கு நாம யாருல?” என்று கேட்டார் அதே அண்ணாச்சி. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. அணியை ஏலம் எடுத்தவர் உரிமையாளர், ஒளிபரப்பை எடுத்தவர் உரிமையாளர், சட்டையில் சிமென்ட் பெயர் போட்டவரும் ஒரு வகையில் உரிமையாளர். பெயரைக் கொடுத்த ஊர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை.

சேலத்து நண்பர்களே, டி-ஷர்ட் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. முதுகில் ஊர்ப் பெயரைத் தையல் போட்டு வாங்காதீர்கள். ஸ்டிக்கராக வாங்குங்கள்.