புள்ளிக்கோடு போடாத பூட்டு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் பிள்ளையைக் கண்டுபிடிக்க அடையாள அட்டையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. முதுகுப் பையிலிருந்து டிராஃப்டரின் ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காலை நேரத்து வத்தலக்குண்டு பஸ்ஸில் அந்தக் கை யார் விலாவையும் விட்டுவைக்காது. "அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துரு தம்பி, அது நிக்கிற இடத்துல ரெண்டு பேர் நிக்கலாம்" என்பார் கண்டக்டர்.

டிராஃப்டர் தெரியாதவர்களுக்கு: வரைபலகையின் மேல் விளிம்பில் திருகி மாட்டும் ஒரு கருவி. அதன் நுனியில் இரண்டு ஸ்கேல்கள் செங்கோணத்தில் நிற்கும். பலகையில் எங்கே இழுத்துப்போனாலும் முன்பு போட்ட கோட்டுக்கு இணையாகவே அடுத்த கோடும் விழும் என்பது ஏற்பாடு. சீனியர் பாதி விலைக்கு ஜூனியரிடம் தள்ளுவார், அவர் அடுத்த ஜூனியரிடம். நாலாவது கைக்கு வரும்போது திருகெல்லாம் தளர்ந்து, இணைகோடுகள் தாளின் ஓரத்திலேயே சந்தித்துக்கொள்ள ஆரம்பித்துவிடும்.

ஊரை ஒட்டிய ஒரு கல்லூரியில் இந்தப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் நடத்தியவன் நான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வளைகோடுகளில் தொடங்கும். புள்ளி, கோடு, தளம், கனவடிவம் என்று வளர்ந்து, கனவடிவத்தை வெட்டி, விரித்து, ஐசோமெட்ரிக் வரை கொண்டுபோகும். பருவம் முடியும்போது அதுவரை வரைந்த தாள்களையெல்லாம் கோத்து ஃபைலாகக் கொடுக்க வேண்டும். நாங்கள் அதை 'ஷீட் சப்மிஷன்' என்போம். இப்போதைய பிள்ளைகள் 'போர்ட்ஃபோலியோ' என்கிறார்கள். பெயர் உயர்ந்துவிட்டது, ஃபைலின் நாடா மட்டும் அதே காதி கிராஃப்ட் நிறம்.

அந்த ஃபைலைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு வரைய வருமா என்று தெரியாது. அவன் யாரோடு சாப்பிடுகிறான், விடுதியில் எந்த அறை, யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும்.

காரணம், ட்ரேஸ். மேஜைக் கண்ணாடியை இரண்டு பக்கெட்டுகளின் மேல் வைத்து, கீழே பல்பு எரியவிட்டு, ஒருத்தன் வரைந்த தாளை அடியில் போட்டு, தன் தாளை மேலே வைத்து இழுப்பது. இன்றைக்கு பல்பின் இடத்தில் செல்போன் டார்ச். தொழில்நுட்பத்தில் அதைத் தவிர வேறு முன்னேற்றம் இல்லை. 2012-ல் ஊர்ப் பக்கமெல்லாம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் போய்க்கொண்டிருந்த பருவத்தில்தான் எங்கள் பிள்ளைகளின் சுயசிந்தனை உச்சத்தில் இருந்தது.

ட்ரேஸைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு கலையாகவே கைவந்துவிட்டது. முதல் தடயம் காம்பஸ் முள். வட்டப்பகுதி போட்டவன் தாளில் முள் குத்திய துளை இருக்கும். கண்ணாடி மேல் வைத்து இழுத்தவன் வில்லை மட்டும் கையால் ஒற்றியிருப்பான். மையம் பழுதில்லாமல் இருக்கும். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும். மையமே இல்லாத வட்டங்கள் வரிசையாக வரும்.

இரண்டாவது தடயம், பிழை. ஒருத்தன் 65 என்பதை 56 என்று எழுதிவிட்டால், அந்த 56 விடுதியின் மூன்றாம் மாடி முழுவதும் பரவும். நாலாம் மாடியில் 65 சரியாக இருக்கும், ஆனால் ஒரு புள்ளிக்கோடு விட்டுப்போயிருக்கும். அந்தக் காலத்தில் உ.வே.சாமிநாதையர் ஏடுகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்த்து, எந்தப் பிரதி எதிலிருந்து வந்தது என்று யோசித்த மாதிரி நானும் மூலப் பிரதியைத் தேடிப் போவேன். மூலத்தைத் தொட்டாலே தெரியும். மேலே தாள் வைத்து 2எச் பென்சிலால் அழுத்தி அழுத்தி இழுத்ததில் அதன் கோடெல்லாம் பள்ளமாகியிருக்கும். பெரும்பாலும் அதை வரைந்தது அதிகம் பேசாத ஒரு பிள்ளையாக இருக்கும். அந்த அறையின் மெஸ் கடன்களும் அவன் பெயரில்தான் இருக்கும்.

மூன்றாவது தடயத்தைச் சொல்லித்தான் நான் கெட்டேன். அழுக்கு. ஏப்ரல் மாதத்துத் திண்டுக்கல்லில் ஒரு ஏ-2 தாளோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டினால் மணிக்கட்டு வியர்வையும் பென்சில் கரியும் சேர்ந்து தாளின் வலதுபக்கம் சாம்பல் பூத்துவிடும். ட்ரேஸ் எடுத்த தாள் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். அழுக்காக அதற்கு நேரம் கிடைத்திருக்காது. ஆனால் 'நேர்த்தி'க்கு மதிப்பெண் உண்டே! உழைத்தவன் அதில் அடிவாங்குவான், ஒற்றினவன் அள்ளிக்கொண்டு போவான். இது அநியாயம் என்று நான் அழுக்குக்கும் கொஞ்சம் மதிப்பெண் போட ஆரம்பித்தேன். செய்தி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த சப்மிஷனில் எல்லாத் தாளும் சாம்பல் நிறம். பென்சில் முனையை பிளேடால் சீவி, பொடியைக் கட்டைவிரலால் தேய்த்திருந்தார்கள். அழுக்கும் எல்லோருக்கும் ஒரே மூலையில், ஒரே விரலால்.

இதற்கு நடுவே கல்லூரிக்கு ஆய்வுக் குழு வரும். நன்றாக வரைந்த ஃபைல், நடுத்தரம், சுமார் என்று வகைக்கொன்று மாதிரிக்கு எடுத்து வைக்கச் சொல்வார்கள். எல்லாமே ஒரே தாளின் வாரிசுகளாக இருக்கும்போது சுமாருக்கு எங்கே போவது? நன்றாக வரையும் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, "அம்மா, ஒரு ஷீட் கொஞ்சம் மோசமா வரைஞ்சு குடும்மா" என்று கேட்க வேண்டியதாயிற்று. "எவ்வளவு மோசம் சார்?" என்றது அந்தப் பிள்ளை, டிராஃப்டரைத் திருகிக்கொண்டே.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். முந்தின ஆண்டுத் தாளே இல்லாத ஒரு பொருளைக் கொடுத்தால் எதை ஒற்றுவார்கள்? இறுதி வேலையாக, ஆளுக்கொரு பூட்டு. வீட்டிலிருந்து கொண்டுவந்து, அளந்து, முன்தோற்றம், மேல்தோற்றம், குறுக்குவெட்டு, ஐசோமெட்ரிக் நான்கும் வரைய வேண்டும். திண்டுக்கல்காரனுக்குப் பூட்டைவிட வேறென்ன கொடுப்பது? 2019-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று.

பாதிப் பேர் கொண்டுவந்தது போட்டி ஊரான அலிகாரின் பூட்டு. அதில்கூட எனக்கு வருத்தமில்லை. ஒருத்தன் பூட்டையே தாளின் மேல் கவிழ்த்துவைத்து, சுற்றிப் பென்சிலை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். அளவு விகிதம் மட்டும் துல்லியமாக 1:1.

நல்லாம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் அசல் மாங்காய்ப் பூட்டோடு வந்தான். அப்பா பூட்டுப் பட்டறையில் தொழிலாளி. முன்தோற்றமும் மேல்தோற்றமும் அப்படி ஒரு வரைவு. காம்பஸ் துளை அத்தனையும் அதனதன் இடத்தில், அழுக்கும் அசல் அழுக்கு. ஆனால் ஒரு புள்ளிக்கோடுகூட இல்லை. குறுக்குவெட்டு வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கண்ணுக்குத் தெரியாத விளிம்பைப் புள்ளிக்கோட்டால் காட்ட வேண்டும் என்பது பாடத்தின் அரிச்சுவடி. கேட்டால், "அப்பா வேணாம்னுட்டாரு சார்."

பட்டறைக்கே போனேன். அரம் பிடித்த கையை நிறுத்தாமல் அவர் பேசினார்.

"முன்பக்கம் வரையட்டும், மேல்பக்கம் வரையட்டும், நான் ஒண்ணும் சொல்லலை சார். உள்ள எத்தனை லீவரு, எது எங்க நிக்குதுன்னு புள்ளி வச்சு வெளிய காட்டச் சொல்றீங்களே, அதக் காட்டக் கூடாதுன்னுதான சார் பூட்டே செய்றோம்?"

"படிப்புக்குத்தாங்க."

"படிப்புக்குத்தான் கேட்பாங்க. நாளைக்கு அந்தத் தாளு அலிகாருக்குப் போயிரும்."

போகும் என்பதுதான் சிக்கல். நாலாம் மாடிக்கே போகும் தாள் அலிகாருக்குப் போகாதா?

யோசித்தால், அவர் பக்கம் வரலாறும் இருக்கிறது. இந்தப் பாடத்துக்கு அடிப்படை போட்ட காஸ்பார் மோன்ஜ், 1760-களில் பிரான்சின் மெஸியேர் ராணுவப் பள்ளியில் சின்ன வேலையில் இருந்தவர். எதிரியின் குண்டு உள்ளே நிற்பவர் மேல் படாதபடி கோட்டை மதிலை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்ற கணக்கு. மற்றவர்கள் நாள்கணக்கில் கூட்டிக் கழிப்பார்கள். மோன்ஜ் படம் போட்டே முடித்துக் கொண்டுபோய் நீட்டினார். மேலதிகாரி முதலில் பார்க்கவே மறுத்தார். இவ்வளவு சீக்கிரம் முடித்திருக்க முடியாது என்பது அவர் வாதம். எனக்கு அந்த மேலதிகாரியைப் புரிகிறது, நானாக இருந்தால் தாளை ஜன்னலில் பிடித்திருப்பேன். விஷயம் உண்மை என்று தெரிந்ததும் அதை ராணுவ ரகசியமாக்கிவிட்டார்கள். 1795-ல்தான் மோன்ஜ் பாரிஸில் வெளிப்படையாக நடத்த முடிந்தது. புத்தகம் வந்தது 1799-ல். எங்கள் வகுப்பில் பலருக்கு அது இன்னும் ரகசியம்தான்.

நம்மூர் மலைக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் தொடங்கியது. 1755-ல் இங்கே வந்த ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர்களை வைத்து ஆயுதச்சாலை போட்டார். 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஹைதரின் ஆயுதச்சாலையில் எவனாவது குறுக்குவெட்டுப் படம் கேட்டிருந்தால் தலை இருந்திருக்காது. நான் பட்டறையில் ஒரு டீயோடு தப்பித்தேன்.

ஆனாலும் விதி விதிதானே. குறுக்குவெட்டு இல்லாததற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். பையனைக் கூப்பிட்டு வருத்தத்தோடுதான் சொன்னேன். அவன் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

"பரவாயில்லை சார். ரெண்டு வரைக்கும் விட்டுக்குடுக்கலாம்னு அப்பா சொல்லித்தான் அனுப்பினாரு."